யாரோடு மோதினார், எப்போது மோதினார்: வடசென்னையில் ஓயாத ஒரு வாதம்

லாஸ் வேகஸில் சனிக்கிழமை இரவு நடக்கும் பெரிய குத்துச்சண்டைகள் சென்னையில் ஞாயிற்றுக்கிழமை காலை டிபன் நேரத்தில் முடிகின்றன. வியாசர்பாடி, புளியந்தோப்பு, ராயபுரம், காசிமேடு பக்கங்களில் அவற்றைக் கைப்பேசியில் பார்ப்பவர்கள் எண்ணிக்கையில் கிரிக்கெட் ரசிகர்களுக்கு ஈடாக மாட்டார்கள். ஆனால் முடிவு வந்த கையோடு டீக்கடையில் கிளம்பும் வாதத்தின் சூட்டில் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லர். 2025 செப்டம்பரில் டெரன்ஸ் கிராஃபோர்ட் இரண்டு எடைப் பிரிவுகள் மேலேறி வந்து கனெலோ அல்வரெஸை வென்றபோதும் அந்தப் பழைய கேள்விதான் மறுபடி எழுந்தது: எல்லாக் காலத்துக்கும் பெரிய வீரர் யார்? அறுபதைக் கடந்தவர்கள் முகமது அலி என்பார்கள். அவர்களில் சிலர், 1980-இல் அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடியதை நேரில் பார்த்தவர்கள். கேபிள் டி.வி. காலத்தில் வளர்ந்தவர்களுக்கு மைக் டைசன். இளைஞர்கள் ஃபிளாய்ட் மேவெதர், ஒலெக்ஸாண்டர் உசிக், ஜப்பானின் நவோயா இனோவே என்று பிரிந்து நிற்பார்கள்.

இந்த வாதம் ஓயாமல் இருப்பதற்கு ரசிகர்களின் பிடிவாதம் மட்டும் காரணமில்லை. ஒரே கேள்வி போலத் தோன்றும் இதற்குள் மூன்று கேள்விகள் கலந்து கிடக்கின்றன. தன் உச்சத்தில் யார் அதிகத் திறமை காட்டினார் என்பது ஒன்று. வாழ்நாள் முழுவதும் யார் அதிகம் சாதித்தார் என்பது இன்னொன்று. எல்லாரும் ஒரே எடையில் இருந்தால் யார் வெல்வார் என்பது மூன்றாவது. மூன்றாவதைத்தான் ‘பவுண்டுக்கு பவுண்டு’ என்று சொல்கிறார்கள். 1940-களில் அமெரிக்க வீரர் சுகர் ரே ராபின்சனின் பெயரோடு சேர்ந்தே அந்தப் பேச்சு பரவியது. அது கற்பனைப் போட்டி. அதில் யாரும் யாரையும் தோற்கடிக்க முடியாது. சான்றுகளை வைத்துப் பேச இடம் தருவது வாழ்நாள் சாதனை பற்றிய கேள்விதான். அதற்கு என் பார்வையில் ஒரே அளவுகோல்தான் நிற்கிறது: ஒருவர் யாரோடு மோதினார், மோதும்போது அந்த எதிராளி எந்த நிலையில் இருந்தார். துரதிருஷ்டவசமாக, இன்றைய தொழில்முறைக் குத்துச்சண்டையின் அமைப்பு முழுவதும் இந்த ஒரு விவரத்தை மறைப்பதற்கே வேலை செய்கிறது.

முதலில் தோல்வியின்மையை எடுத்துக்கொள்வோம். இளைஞர்களின் வாதத்தில் முதலில் வந்து விழுவது அதுதான்: மேவெதர் 50 போட்டி, 50 வெற்றி, ராக்கி மார்சியானோ 49-க்கு 49, அலிக்கோ 61 போட்டிகளில் 5 தோல்வி. எண்ணாகப் பார்த்தால் அலி சிறியவராகத் தெரிவார். அந்த ஐந்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 1971-இல் ஜோ ஃபிரேசியரிடம் தோற்றார். வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் மூன்றரை ஆண்டுகள் ரிங்குக்கு வெளியே நிறுத்தப்பட்டுத் திரும்பி வந்த சில மாதங்களில் நடந்த போட்டி அது. 1973-இல் கென் நார்ட்டன், 1978-இல் லியோன் ஸ்பிங்க்ஸ். இந்த மூவரையும் அவர் மறுபடி சந்தித்து வென்றார். கடைசி இரண்டு தோல்விகள் லாரி ஹோம்ஸிடமும் ட்ரெவர் பெர்பிக்கிடமும் வந்தவை. அப்போது அவருக்கு வயது 38, 39. ஹோம்ஸிடம் அவர் அடிவாங்கியது சென்னைக்கு வந்துபோன அதே ஆண்டின் அக்டோபரில். அந்த இரண்டு போட்டிகளும் அவரை ரிங்கில் ஏற்றியவர்களைப் பற்றிச் சொல்லும் அளவுக்கு அலியின் திறமையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

ராபின்சனின் கணக்கு இன்னும் விந்தையானது. ஏறத்தாழ 200 போட்டிகள், 19 தோல்விகள். 19 என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் 1951 ஜூலையில் ராண்டி டர்பினிடம் தோற்கும் வரை தொழில்முறையில் அவர் பார்த்தது ஒரே ஒரு தோல்வி. 1943 பிப்ரவரியில் ஜேக் லமோட்டாவிடம். தன்னைவிட எடை கூடிய அதே மனிதரை மூன்று வாரங்களில் மறுபடி சந்தித்து வென்றார். இருவரும் மொத்தம் ஆறு முறை மோதி, ஐந்தில் ராபின்சனே ஜெயித்தார். இன்றைய புரமோட்டர் (போட்டிகளை ஏற்பாடு செய்பவர்) எவரும் தன் வீரரை இப்படி விடமாட்டார். அந்த 19-இல் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1952 ஜூன் மாதம், நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில், தன்னைவிடச் சுமார் 15 பவுண்டு எடை அதிகமுள்ள ஜோயி மாக்ஸிமோடு மோதினார். அன்றைய வெப்பம் 104 டிகிரி ஃபாரன்ஹீட். அக்னி நட்சத்திர நாளில் ராயபுரம் எப்படியிருக்குமோ அப்படி, கூடவே தலைக்கு மேல் மின்விளக்குகளின் அனல். பத்தாவது ரவுண்டுக்குப் பிறகு ரெஃப்ரியே நிற்க முடியாமல் போக, வேறொருவரை இறக்கினார்கள். மூன்று நடுவர்களின் கணக்கிலும் முன்னிலையில் இருந்த ராபின்சன் 13-ஆவது ரவுண்டு முடிவில் வெக்கையால் துவண்டு, அடுத்த ரவுண்டுக்கு எழுந்து வர முடியாமல் போட்டியை இழந்தார். இத்தனை ஆண்டுகளில் போட்டி முடியும் முன்பே அவர் தோற்றது அந்த ஒரு முறைதான். பதிவேட்டில் அதுவும் ஒரு தோல்வி, 40 வயதுக்கு மேல் வந்ததும் ஒரு தோல்வி. எண் இரண்டையும் ஒன்றாகவே காட்டுகிறது.

இதே அளவுகோலை மார்சியானோவுக்கும் வைத்துப் பார்ப்பது நியாயம். 1951-இல் அவர் வென்ற ஜோ லூயிஸுக்கு வயது 37. அடுத்த ஆண்டு வென்ற ஜெர்சி ஜோ வால்காட்டுக்கு 38. பெயர்கள் பெரியவை, நேரம் பிந்தியது. வால்காட் போட்டியில் 12 ரவுண்டுகள் முடிந்தபோது மூன்று கணக்கிலும் மார்சியானோ பின்தங்கி இருந்தார். 13-ஆவது ரவுண்டில் ஒரே ஒரு வலது கைக் குத்தில் வால்காட்டைச் சாய்த்தார். அப்போது பட்டப் போட்டிகள் 15 ரவுண்டு. இன்றைக்கு 12. அதாவது இன்றைய விதிப்படி மார்சியானோ அன்று இரவு தோற்றிருப்பார். 49-0 என்ற எண்ணே பிறந்திருக்காது. 1981-இல் சுகர் ரே லியோனார்ட், தாமஸ் ஹேர்ன்ஸை 14-ஆவது ரவுண்டில் நிறுத்திய புகழ்பெற்ற போட்டியும் இப்படித்தான்: அதுவரை லியோனார்ட் மூன்று கணக்கிலும் பின்தங்கியிருந்தார். கடைசி மூன்று ரவுண்டுகள் என்பவை வெறும் ஒன்பது நிமிடங்கள்தான், ஆனால் களைத்த உடம்பையும் களைக்காத மனதையும் பிரித்துக் காட்டிய ஒன்பது நிமிடங்கள் அவை. ஒரு காலத்து வீரரை இன்னொரு காலத்தவரோடு ஒப்பிடுபவர்கள் கையின் வேகத்தையும் உயரத்தையும் பேசுகிறார்கள். விதி மாறியதை மறந்துவிடுகிறார்கள்.

அந்த ரவுண்டுகள் குறைந்ததற்குக் காரணம் ஒரு மரணம். 1982 நவம்பரில் ரே மன்சினியோடு 14-ஆவது ரவுண்டு வரை நின்று விழுந்த தென்கொரிய வீரர் கிம் துக் கூ சில நாட்களில் இறந்தார். அதன் பின்னர் உலகக் குத்துச்சண்டை கவுன்சில் (டபிள்யூ.பி.சி.) தன் பட்டப் போட்டிகளை 12 ரவுண்டாகக் குறைத்தது; மற்ற அமைப்புகளும் ஒவ்வொன்றாகப் பின்பற்றின. பழைய வீரர்களின் கணக்கைப் புகழும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். 200 போட்டி ஆடிய ராபின்சன் தன் கடைசி ஆண்டுகளில் அல்சைமர் நோயோடு வாழ்ந்தார். அலிக்கு 1984-இல் பார்க்கின்சன் நோய் இருப்பது கண்டறியப்பட்டது. ஆகவே ‘இன்றைய வீரர்களும் அவர்களைப் போல மாதந்தோறும் ஏறி இறங்க வேண்டும்’ என்று நான் கேட்க மாட்டேன். நான் கேட்பது வேறு: குறைவாகவே ஆடட்டும், ஆடுகிற போட்டியைச் சரியான ஆளோடு, சரியான நேரத்தில் ஆடட்டும்.

அது ஏன் நடப்பதில்லை என்பதற்கு விடை பெல்ட்டுகளில், அதாவது சாம்பியன் பட்டங்களில், இருக்கிறது. முன்பு எட்டு எடைப் பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் ஒரு சாம்பியன். இன்று 17 பிரிவுகள், டபிள்யூ.பி.ஏ., டபிள்யூ.பி.சி., ஐ.பி.எஃப்., டபிள்யூ.பி.ஓ. என்று நான்கு பெரிய அமைப்புகள். கணக்குப் போட்டால் ஒரே நேரத்தில் 68 சாம்பியன் நாற்காலிகள். இடைக்காலப் பட்டம், ‘ரெகுலர்’ பட்டம் என்று வைப்பவை தனி. பட்டப் போட்டி ஒவ்வொன்றுக்கும் வீரர்களின் ஊதியத்திலிருந்து அமைப்புக்கு ஒரு பங்கு போகிறது என்பதால் பட்டங்களைக் குறைப்பதில் யாருக்கும் ஆதாயம் இல்லை. சாம்பியன் பெயர் எளிதாகக் கிடைக்கும்போது, பக்கத்து நாற்காலியில் இருக்கும் ஆபத்தான ஆளைச் சந்திக்க வேண்டிய கட்டாயம் வீரருக்கும் இல்லை. புரமோட்டர்களும் ஒளிபரப்பு நிறுவனங்களும் தனித்தனி முகாம்களாக இருப்பதால், சந்திக்க விரும்பும் வீரர்களுக்கும் வழி அடைபடுகிறது.

மேவெதர், மேனி பாக்கியோ கதை இதற்குச் சரியான சாட்சி. 2009 இறுதியில் பேச்சுவார்த்தை தொடங்கியபோது இருவருமே உச்சத்தில் இருந்தார்கள். போட்டி நடந்தது 2015 மே மாதம். மேவெதருக்கு 38 வயது, பாக்கியோவுக்கு 36. இடையில் 2012-இல் ஹுவான் மானுவெல் மார்க்கெஸ் பாக்கியோவை நாக் அவுட் செய்திருந்தார். அமெரிக்காவில் மட்டும் சுமார் 46 லட்சம் பேர் காசு கட்டி அதை வாங்கிப் பார்த்தார்கள். வணிகமாக அது மாபெரும் வெற்றி. சான்றாக அது பாதி மதிப்புக்குத்தான் தேறும். மேவெதரின் தற்காப்புத் திறமையை மறுப்பவர்கள் குத்துச்சண்டை தெரியாதவர்கள். ஆனால் 2010-இல் அந்தப் போட்டி நடந்து, அவர் அதில் நெருக்கமான கணக்கில் தோற்றிருந்தால்கூட, இன்று வடசென்னைப் பெரியவர்களிடம் அவருக்கு இதைவிட உயர்ந்த இடம் கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன்.

இந்த நம்பிக்கைக்கு ஓர் உள்ளூர்க் காரணம் உண்டு. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கே ‘ரோசமான குத்துச்சண்டை’ பரம்பரைகளாக வளர்ந்தது. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்ப செட்டியார் பரம்பரை என்று ஒவ்வொரு வாத்தியாரின் வழியிலும் துறைமுகத் தொழிலாளர்களும் மில் தொழிலாளர்களும் மீனவர்களும் கிளவுஸ் மாட்டினார்கள். ஆங்கிலேயரிடமிருந்தும் ஆங்கிலோ-இந்தியரிடமிருந்தும் வந்த ஆட்டம், இந்தத் தெருக்களின் மானப் பிரச்சினையாக மாறியது. அந்த அமைப்பில் எதிராளியைத் தவிர்க்க இடமில்லை. அவன் அடுத்த பேட்டையில்தான் இருக்கிறான், சந்தையிலும் வேலைத்தலத்திலும் கண்ணில் படுகிறான். அவனோடு மோதாமல் வீரன் என்று நடமாட முடியாது. அதனால்தான் இங்கே ஒரு பெரியவரிடம் இன்றைய சாம்பியன் ஒருவரைப் புகழ்ந்து சொன்னால், அவர் முதலில் திருப்பிக் கேட்பது, “அது சரிப்பா, யார் கூட ஆடினான்?” என்பதுதான். வடசென்னை வீரர் கித்தேரி முத்து இன்றும் பேசப்படுவது நாட் டெர்ரி என்ற வீரரை வென்றவர் என்பதால். அவருடைய வெற்றிகளின் எண்ணிக்கையை யாரும் ஒப்பிப்பதில்லை.

இந்த நினைவுக்கு ஆதாரம் இல்லை, படச்சுருள் இல்லை, வெறும் வாய்ப்பேச்சு என்று தள்ளுவோர் உண்டு. அவர்களுக்கு ஹாரி கிரெப் என்ற அமெரிக்கரை நினைவூட்ட வேண்டும். ஏறக்குறைய 300 போட்டிகள் ஆடியவர். 1922-இல் ஜீன் டன்னிக்கு அவருடைய வாழ்நாளின் ஒரே தோல்வியைக் கொடுத்தவர். கிரெப் ஆடிய ஒரு போட்டியின் படச்சுருள்கூட இதுவரை கிடைக்கவில்லை. எல்லாக் காலத்துக்கும் சிறந்தவர் என்று பலரும் ஒத்துக்கொள்ளும் ராபின்சன்கூட, வெல்டர் எடையில் (147 பவுண்டு வரை) அவர் உச்சத்தில் இருந்த ஆண்டுகளுக்கு மிகச் சொற்பமான படப்பதிவுகளையே விட்டுச் சென்றார். இவர்களின் பெருமை நிற்பது செய்தித்தாள் குறிப்புகளின் மேலும், எதிராளிகளின் பட்டியல் மேலும்தான். மெட்ராஸ் வீரர்களின் பெருமையும் அதே தளத்தில் நிற்கிறது; வேறுபாடு, அங்கே பட்டியலை எழுதி வைத்தார்கள், இங்கே எழுதவில்லை. எழுதாததால் ஒவ்வொருவர் நினைவும் தன் பரம்பரைப் பக்கமே சாய்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனி விளையாட்டின் இன்றைய நிலை. ‘பாக்ஸிங் செத்துவிட்டது’ என்று ஒவ்வொரு தலைமுறையும் சொல்லி வந்திருக்கிறது. கடந்த சில ஆண்டுகளில் சவூதி அரேபியப் பணம் முகாம்களுக்கு இடையிலான சுவர்களை ஓரளவு உடைத்திருக்கிறது. 2024 மே மாதம் ரியாத்தில் உசிக், டைசன் ஃபியூரியை வென்று, 1999-இல் லென்னாக்ஸ் லூயிஸுக்குப் பிறகு ஹெவிவெயிட்டின் முதல் முழுச் சாம்பியன் (எல்லாப் பெரிய பெல்ட்டுகளும் ஒருவரிடமே) ஆனார். ஆனால் அடுத்த மாதமே ஐ.பி.எஃப். பெல்ட்டை அவர் விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது. அந்த அமைப்பு கைகாட்டிய எதிராளிக்கு முன்னதாக, ஃபியூரியோடு ஏற்கெனவே ஒப்பந்தமாகியிருந்த மறுபோட்டியை அவர் ஆட வேண்டியிருந்தது. கால் நூற்றாண்டு காத்திருந்து கிடைத்த ஒரே சாம்பியன், சில வாரங்களுக்கு மேல் ஒரே சாம்பியனாக நிலைக்கவில்லை. 2025 ஜூலையில் டேனியல் துபுவாவை வென்று உசிக் அந்தப் பெல்ட்டை மீட்டார். பெல்ட்டுகளை மறந்துவிட்டு எதிராளிகளை மட்டும் பார்த்தால் அவருடைய உயரம் தெளிவாகத் தெரிகிறது: குளோவாட்ஸ்கியைப் போலந்தில், பிரீடிஸை ரிகாவில், காசியெவை மாஸ்கோவில், பெல்லுவை மான்செஸ்டரில், ஜோஷுவாவை லண்டனில் என்று எதிராளியின் நாட்டுக்கே போய் வென்றவர். இன்று ஆடுபவர்களில் பெரியவர் யார் என்று என்னைக் கேட்டால், இனோவேயையும் தாண்டி நான் உசிக்கைச் சொல்வது இதனால்தான்.

வடசென்னைக்கு இதைவிட நெருக்கமான விவகாரம் ஒலிம்பிக்கில் நடந்தது. நிர்வாகச் சீர்கேட்டுக்காகப் பழைய சர்வதேச அமைப்பை ஒலிம்பிக் கமிட்டி 2019-இல் இடைநீக்கம் செய்து, 2023-இல் அங்கீகாரத்தையே பறித்தது. டோக்கியோ, பாரிஸ் போட்டிகளைக் கமிட்டியே நேரடியாக ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் பட்டியலில் குத்துச்சண்டை இருக்குமா என்பதே சந்தேகமாக இருந்து, ‘வேர்ல்ட் பாக்ஸிங்’ என்ற புதிய அமைப்புக்குத் தற்காலிக அங்கீகாரம் கிடைத்த பிறகு, 2025 மார்ச்சில்தான் முடிவானது. ரியாத்தின் கோடிகளைவிட இந்த முடிவுதான் இங்கே பயிற்சி எடுக்கும் பையன்களின், பெண்களின் வாழ்வைத் தொடுகிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தொழில்முறை ரிங் கண்ணில் இல்லை; ரயில்வே, பெரம்பூர் ஐ.சி.எஃப்., போலீஸ், ராணுவம் ஆகியவற்றில் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைதான் இலக்கு. அந்த வேலைக்கு அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளின் சான்றிதழ் வேண்டும். ஒலிம்பிக்கிலிருந்து விலக்கப்பட்ட ஆட்டத்துக்கு அந்த மதிப்பு எத்தனை நாள் நீடித்திருக்கும்?

இந்தியாவின் நிலையும் பெண்களால் உயர்ந்திருக்கிறது. மேரி கோமின் ஆறு உலகப் பட்டங்களுக்குப் பிறகு நிகத் ஜரீன், லவ்லினா போர்கோஹெய்ன். 2025-இல் லிவர்பூல் உலகப் போட்டியில் ஜெய்ஸ்மின் லம்போரியாவும் மீனாட்சி ஹூடாவும் தங்கம் வென்றார்கள். கடைசியாகச் சொன்ன இருவரும் ஹரியானாக்காரர்கள். தமிழ்நாடு 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஆடி, பின்னர் அர்ஜுனா விருதும் பெற்ற வி. தேவராஜனைத் தந்தது. அதன் பிறகு அந்த வரிசை ஏன் நீளவில்லை என்று கேட்டால் திறமைக் குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். பயிற்சிக் கூடத்தில் பையன் கையில் பட்டை சுற்றும் நேர்த்தியைப் பார்த்தாலே தெரியும்: கட்டை விரலில் கொக்கி மாட்டி, மணிக்கட்டை இறுக்கி, விரல்களுக்கு இடையே பிரித்து, முட்டியின் மேல் மடித்துக் கட்டுகிறான், அடுத்தவன் கழற்றித் தந்த கிளவுஸுக்குள், வியர்வை காயும் முன்பே, அந்தக் கையை நுழைக்கிறான். குறைவது போட்டிகள். ஹரியானாவின் பிவானியிலும் ராணுவ முகாம்களிலும் பல மாநிலத்து எதிராளிகள் கையெட்டும் தூரத்தில் கிடைக்கிறார்கள். இங்குள்ளவனுக்குத் தெரிந்த நாலு முகங்களோடுதான் ஆண்டு முழுக்க ஸ்பாரிங் (பயிற்சி மோதல்).

அமெச்சூர் ஆட்டத்தில் ஒரு நேர்மை உண்டு: குலுக்கலில் வந்த பெயரோடு ஆடியே தீர வேண்டும், தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கும் இல்லை. மூன்று ரவுண்டு, ஐந்து நடுவர்கள், தோற்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். பரம்பரைக் காலத்தின் அந்தக் கட்டாயம் இன்று உயிரோடிருக்கும் இடம் இதுதான். ஆகவே இங்கே செய்ய வேண்டிய வேலைகள் இரண்டு. சென்னைக்கு வெளியிலிருந்து எதிராளிகளை வரவழைத்து அடிக்கடி போட்டி நடத்துவது ஒன்று. மற்றது, பரம்பரைக் காலத்தைப் பார்த்தவர்களிடம் உட்கார்ந்து, வீட்டுச் சுவரில் தொங்கும் புகைப்படத்தையும் பெட்டியில் கிடக்கும் பழைய நோட்டீஸையும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு போட்டிக்கும் எதிராளியின் பெயர், எடை, இடம், ஆண்டு, எந்த ரவுண்டில் எப்படி முடிந்தது என்று எழுதி வாங்குவது. அதையும் ஒரே பரம்பரைக்காரரிடம் கேட்டு நிறுத்தாமல், தோற்ற பக்கத்தையும் கேட்டு ஒப்பிட்டு எழுதுவது.